ஞாயிற்றுக்கிழமை ரத்தம்

ஊசி போட்ட நான்காம் நாள் எண் ஏறத்தான் செய்யும், பயப்படாதே என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஏறியது. நானும் பயந்தேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் வராதா என்ன?

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் ஆறு வருஷமாக டெக்னீஷியன் வேலை. வீடு திருவொற்றியூரில். கணவர் துறைமுகத்தில் டாலி எழுதுபவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவதுதான் டாலி. எங்களோடு மாமியாரும் இருந்தார். குழந்தை இல்லை. மூன்று வருஷம் முன்பு ஒரு கரு கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் வலது பக்கக் கருக்குழாயிலேயே தங்கி, எங்கள் யாருக்கும் தெரியாமல் வளர்ந்து, குழாயை வெடிக்க வைத்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இடது பக்கத்தில் ஒன்று. இப்போது அந்த ஒன்றிலும் இரண்டாவது கரு போய் உட்கார்ந்துகொண்டது. இதுவும் போனால் எனக்குக் குழந்தை கிடையாது. லட்சக்கணக்கில் கொட்டிச் சோதனைக்குழாய்க் குழந்தை பெற்றுக்கொள்வதெல்லாம் எங்கள் தெருவில் யாரும் பேசக்கூடப் பேசாத விஷயம்.

நாள் தள்ளிப்போனதும் லேபிலேயே அட்டையில் நானே பார்த்துக்கொண்டேன். இரண்டு கோடு. சந்தோஷப்பட எனக்கு அரை நாள்தான் கிடைத்தது. மறுநாள் ராயபுரத்தில் டாக்டர் ஸ்கேன் செய்துவிட்டு, கர்ப்பப்பை காலி, இடது குழாயில் சின்னதாக ஒரு கட்டி தெரிகிறது என்றார். ஐம்பது வயது தாண்டிய பெண்மணி அவர். சிரிக்க மாட்டார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்ப மாட்டார்.

“கட்டி சின்னதா இருக்கு. துடிப்பு இல்ல. வயித்துக்குள்ள ரத்தம் கசியல. நம்பரும் ரெண்டாயிரத்துக்குள்ளதான். இந்த மாதிரி கேஸ்ல ஆபரேஷன் இல்லாம ஊசியிலேயே கரைச்சிடலாம். குழாய் தப்பிச்சிடும். ஏற்கெனவே ஒருதரம் உனக்கு இப்படி வந்திருக்கு பாரு, அதுதான் கொஞ்சம் இடிக்குது.”

“ஊசி கேக்குமா டாக்டர்?”

“கேக்கும்னு நெனைச்சுதான் போடறேன். கேட்டுச்சா இல்லையான்னு ஏழாம் நாள்தான் சொல்ல முடியும்.”

அவர் நம்பர் என்று சொன்னது, கருவிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஹார்மோனின் அளவு. லேபில் நாங்கள் பீட்டா என்போம். கணக்கு எளிமையானது. ஊசி போடும் நாள் முதல் நாள். நான்காம் நாள் ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும், ஏழாம் நாள் ஒரு தடவை. நான்காம் நாளில் எண் ஏறியிருந்தாலும் பரவாயில்லை. அதிலிருந்து ஏழாம் நாளுக்கு நூற்றுக்குப் பதினைந்தாவது இறங்கியிருந்தால் ஊசி வேலை செய்கிறது. அவ்வளவு இறங்கவில்லை என்றால் அன்றைக்கே இரண்டாவது ஊசி. எத்தனையோ பெண்களுக்கு இந்தப் பீட்டா ரிப்போர்ட்டை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த எண்ணை வைத்து டாக்டர் என்ன செய்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை ஊசி போட்டார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. வெயிலில் அலையாதே, வலி மாத்திரை போடாதே, ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்து, கீரையும் வேண்டாம் என்றார் டாக்டர். கீரையில் இருக்கிற சத்து மருந்தைக் கெடுத்துவிடுமாம். வீட்டுக்குப் போனால் மாமியார் எனக்காகவே முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முறத்தோடு எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

“வவுத்துக்காரிக்கு கீர குடுன்னு ஊரே சொல்லுது, இந்த டாக்டரம்மா கீரயே ஆவாதுன்னுது. சரி, அவங்க சொன்னா சொன்னதுதான். இந்த வூட்ல இனி கொத்துமல்லிகூட வராது, நீ கவலப்படாத.”

வாயில் அவ்வளவு காரம் உள்ள மனுஷி, அந்த ஒரு வாரம் என்னை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. தண்ணீர் லாரிக்கு அவரே போய் நின்றார்.

ஊசி போடும் முன் எடுத்த ரத்தத்தில் ஆயிரத்து எண்ணூற்று எண்பது இருந்தது. வியாழக்கிழமை இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. டாக்டர் சொன்னபடியே ஏறியிருந்தது. என் கணவர் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏறிக்கினு போவுதே” என்றார். இப்படித்தான் ஏறும் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டதுதான் அது.

இங்கே எங்கள் லேப் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். பீட்டா பார்க்கிற மெஷின் எங்களிடம் கிடையாது. தண்டையார்பேட்டையில் யாரிடமும் கிடையாது. ரத்தம் எடுப்போம், சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரிப்போம், ஐஸ் பெட்டியில் வைப்போம். மொபெட்டில் ஓர் ஆள் வந்து பாரிமுனைப் பக்கம் இருக்கிற பெரிய லேபுக்கு எடுத்துப்போவார். அங்கிருந்து எண் ஃபேக்ஸில் வரும். அதை எங்கள் லேபின் பெயர் அச்சடித்த தாளில் நான் டைப் அடிப்பேன், முதலாளி கையெழுத்துப் போடுவார். பார்க்கிறவருக்கு நாங்களே மெஷின் வைத்துப் பார்த்த மாதிரி இருக்கும். இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, சின்ன லேப்கள் அப்படித்தான் ஓடின. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பெரிய லேப் விடுமுறை. அன்றைய ரத்தம் புரசைவாக்கத்தில் வேறொரு லேபுக்குப் போகும். அங்கிருந்து வரும் எண்ணும் அதே தாளில்தான் டைப் ஆகும். அதை அடிப்பதும் நான்தான்.

திங்கட்கிழமை ஊசி என்றால் ஏழாம் நாள் ஞாயிறு. நானே கையை நீட்டினேன், கூட வேலை செய்யும் பெண் ரத்தம் எடுத்தாள். நானே சுழற்றினேன், நானே பெட்டியில் வைத்து, மொபெட்காரரிடம் ஜாக்கிரதை என்று இரண்டு தடவை சொன்னேன். பெட்டி எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. மண்டைக்குள் வேறு எதற்கும் இடமில்லை.

மறுநாள் காலை ஃபேக்ஸ் வந்தது. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு இருபது இறங்கியிருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எங்கள் தாளை டைப்ரைட்டரில் செருகி, என் பெயரையும் வயதையும் எண்ணையும் அடித்தேன். என் விரல்களே அடித்தன என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சாயங்காலம் டாக்டர் வியாழக்கிழமைத் தாளையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே லேபின் பெயர், ஒரே கையெழுத்து. “பரவாயில்லையே, இருபது பர்சன்ட் இறங்கிடுச்சு. ஊசி கேட்டுடுச்சுன்னு நெனைக்கிறேன். அடுத்த வாரம் இன்னொருதரம் பாத்துடலாம்” என்றார். முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். என் கணவர் வரும் வழியில் காசிமேட்டில் இறங்கி வவ்வால் மீன் வாங்கினார். மாமியார் அன்று பேசிய பேச்சில் பாதி சாமிகளோடு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபேக்ஸ் தாள்களை நாள் வாரியாகக் கோத்து வைத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஞாயிற்றுக்கிழமைத் தாள் கைக்கு வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவு என்று கீழே ஒரு வரி இருக்கும். பாரிமுனை லேப் ஐந்துக்குள் என்று போடும். இது புரசைவாக்கத்திலிருந்து வந்த தாள், பத்துக்குள் என்று இருந்தது.

வேறு மெஷின், வேறு மருந்துக்கிட். ஒரே ரத்தத்தை இரண்டிலும் போட்டால் இரண்டு எண் வரும். இது எனக்குத் தெரியாத விஷயமா? “அங்க ஒண்ணு சொல்றான், இங்க ஒண்ணு சொல்றீங்க” என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், இரண்டு லேபில் பார்த்தால் இரண்டு மாதிரிதான் வரும், எப்போதும் ஒரே இடத்தில் பாருங்கள் என்று வாரத்துக்கு நான்கு தடவை நானே சொல்லிக்கொண்டிருந்தவள். ஊருக்குச் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. அந்த இருபதில் ஊசி இறக்கியது எவ்வளவு, மெஷின் இறக்கியது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

அப்போதே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். போன் மேஜைமேல்தான் இருந்தது. செய்யவில்லை. இறங்கியதாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். ஒரு நாள்தான் நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் நானே பிடுங்கிக்கொள்ளவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தத் தாளை மற்றத் தாள்களோடு கோத்து, கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். படித்த முட்டாள் என்று ஒருத்தி இருந்தால் அது நான்தான்.

புதன்கிழமை இடது பக்கம் அடிவயிற்றில் லேசாக இழுத்தது. ஊசி வேலை செய்யும்போதும் வலி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் கணவர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒரே மூட்டைய கப்பல்காரன் ஆளும் எண்றான், கரைல நானும் எண்றேன். என்னிக்காச்சும் ரெண்டும் ஒத்துப்போயிருக்கா? அவன் கணக்குலேர்ந்து என் கணக்க கயிச்சா இன்னா வரும்? இது எனக்கே தெரிது மே. உனக்குத் தெரில?”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“நேத்து மத்தியானம்.”

அவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. “காலீல மொத வேலயா டாக்டராண்ட சொல்லு” என்றார். மிச்ச டீயைக் குடிக்காமல் எழுந்துபோனார்.

வியாழக்கிழமை காலை லேபுக்குப் போனதும் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பிரசவ அறையில் இருந்தார். அதற்குள் ஒரு யோசனை வந்தது. மீந்த சீரத்தை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். போன வியாழன் குப்பியும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக் குப்பியும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பாரிமுனைக்கு அனுப்பி, ஒரே மெஷினில் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் முகம் சுருங்கியது.

“ஊர்ல இருக்குற அத்தினி லேபும் இப்டித்தாம்மா பண்றாங்கோ. டாக்டராண்ட போயி எங்க லேப்பு தப்புன்னு சொல்லிக்கினு இருக்காத.”

“சார், என் வயித்துல இருக்கிறத பத்திப் பேசறேன்.”

மொபெட்காரரை அவரே கூப்பிட்டு உடனே அனுப்பினார்.

மூன்று மணிக்குப் போனிலேயே எண் வந்தது. வியாழன், இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து. ஞாயிறு, இரண்டாயிரத்து நூற்று முப்பது. கால்குலேட்டர் தேவைப்படவில்லை. நூற்றுக்கு நான்குகூட இறங்கவில்லை. ஊசி கேட்கவில்லை. ஞாயிறோ திங்களோ போட்டிருக்க வேண்டிய இரண்டாவது ஊசி போடப்படாமல், நான் தாளைக் கட்டிப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் போனில் கிடைத்தார். முழுக்கக் கேட்டார். “லேப்ல வேலை பாக்கற பொண்ணு நீ! செவ்வாய்க்கிழமை தெரிஞ்சதை வியாழக்கிழமை சொல்றே?” என்று கத்தினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “நேரா இங்க வா, அட்மிட் ஆயிடு, பாத்துட்டு ஊசி போடலாம்” என்றார். நேராகத்தான் போயிருக்க வேண்டும், தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் பத்து நிமிஷம். நான் மாற்றுத்துணியும் பழைய ஆபரேஷன் ஃபைலும் எடுக்க வேண்டும் என்று எதிர்த் திசையில் திருவொற்றியூருக்கு பஸ் ஏறினேன். ஏன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். துணிக்காக இல்லை. மாமியார் முகத்தைப் பார்க்காமல் போய்ப் படுக்க எனக்குத் தைரியமில்லை.

வீட்டில் பையில் துணி வைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. மூன்று வருஷம் முன்பு வந்த அதே வலி. கத்தியால் குத்தி இழுத்த மாதிரி, கூடவே தோள்பட்டையிலும். அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமியார் என்னைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கண்டெய்னர். இந்தப் பக்கம் நகரவில்லை, அந்தப் பக்கமும் நகரவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று பக்கத்தில் மாமியாரைக் காணவில்லை. அறுபது வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்னால் நின்ற டிரெய்லரின் கதவைக் கையால் அறைந்துகொண்டிருந்தார்.

“டேய் நைனா, வண்டிய எட்றா! உள்ள என் மருமவ செத்துக்கினு கீறாடா! எட்றா!”

அந்த டிரைவர் இறங்கிவந்து முன்னால் இருந்தவனிடம் சொல்ல, அவன் அடுத்தவனிடம் சொல்ல, லாரிகள் ஓரடி இரண்டடியாக ஒதுங்கின. மாமியார் நடந்தே எங்களுக்கு முன்னால் வழி எடுத்துக்கொண்டு போனார். தேரடி வரை அவர் ஆட்டோவில் ஏறவேயில்லை.

கணவர் துறைமுகத்திலிருந்து ஓடி வந்து கையெழுத்துப் போட்டார். ஆறு மணிக்கு ஆபரேஷன். குழாய் கிழிந்துபோயிருந்தது, வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை டாக்டர் வந்து கட்டிலருகில் நின்றபோது கேட்டேன்.

“திங்கக்கெழமையே ரெண்டாவது ஊசி போட்டிருந்தா தப்பிச்சிருக்குமா டாக்டர்?”

“சொல்ல முடியாதும்மா. ரெண்டாவது ஊசியும் கேக்காம வெடிக்கறதும் உண்டு. நம்பர் ஒழுங்கா இறங்கிட்டே வந்து வெடிச்சதைக்கூட நான் பாத்திருக்கேன்.”

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆமாம், தப்பித்திருக்கும், நீதான் கெடுத்தாய் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை, எப்படியும் போயிருக்கும் என்றாலும் சரி, நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டார். இன்று வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து லேபுக்குப் போனபோது முதல் வேலையாகப் பழைய பதிவேடுகளை எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் புரட்டினேன். பீட்டா பார்த்த பெண்களின் பெயரும் வயதும் என் கையெழுத்திலேயே இருந்தன. விலாசம் இல்லை. எங்கிருந்து வந்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள், பிறகு என்ன ஆனார்கள், எதுவும் இல்லை. அன்றிலிருந்து எந்த லேபில் பார்த்தது என்பதை ஒவ்வொரு ரிப்போர்ட்டின் தலையிலும் அடிக்க ஆரம்பித்தேன். முதலாளி முணுமுணுத்தார். பழைய பெண்களுக்கு அதனால் என்ன பயன்?

அதற்கு முன்பே, நான் வீடு திரும்பிய நாளில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில், மருந்துச் சிகிச்சை பலனளிக்காததால் அறுவை சிகிச்சை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். எல்லாப் பழியையும் மருந்து ஏற்றுக்கொண்டது. என் கணவர் அதைப் படித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வீட்டு வாசலில் மாமியார் “இன்னாடா ஆச்சு, ஊசி கேட்டுச்சுன்னாங்களே?” என்று கேட்டபோது என் முகத்தைப் பார்க்காமல், “மருந்து கேக்கலமா” என்றார். வாழ்க்கையில் தன் அம்மாவிடம் அவர் மறைத்த விஷயம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என்னிடமும் அதைப் பற்றி அவர் மறுபடி பேசவேயில்லை.

மாமியார் அதை அப்படியே நம்பினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த எவளாவது, மருமகளுக்கு இன்னும் ஒன்றும் இல்லையா என்று வாயைத் திறந்தால் போதும், வாய்க்கு வந்தபடி விளாசிவிடுவார். பையனுக்கு வேறு பெண் பார்க்கலாமே என்று சொன்ன சொந்தத் தங்கச்சியை வாசலோடு அனுப்பிவிட்டு, அவள் செத்தபோதுதான் அந்த வீட்டுப் படி ஏறினார். “மருந்து கேக்கல, அதுக்கு அவ இன்னா பண்ணுவா? அவ மேல இன்னா தப்பு?” பல வருஷம் இதே வார்த்தைகள். ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி மூன்று மாதம் அவர் படுக்கையில் இருந்தார். நான்தான் எல்லாம் செய்தேன். சொல்லிவிடலாம் என்று பல நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இன்னா பாவம் பண்ணேன்னு உனக்கு இப்டி ஆச்சோ” என்பார். பேரப்பிள்ளை பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். என்மேல் கோபப்பட அவருக்கு இருந்த உரிமையைக் கடைசிவரை நான் அவருக்குக் கொடுக்கவேயில்லை.